கோப்பில் ஒன்றும் இல்லை

அந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் செலினுக்கு ஆத்திரமாக வந்தது. நாலே வரி. அக்டோபர் நான்காம் தேதி முதல் பதினான்காம் தேதி வரை இறால் உரிக்கும் கூடத்து அம்மோனியா சென்சார்களின் பதிவுக் கோப்பில் எச்சரிக்கை எதுவும் காணப்படவில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன், அப்புறம் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அவள் பெயர், மென்பொருள் பொறியாளர். காணப்படவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி வைத்த மாதிரி ஒரு சொல். மேனேஜர் சபேசன் அந்தத் தாளைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஏசிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தன் பேனாவையும் வைத்து, "ஒரு தடவை செக் பண்ணிட்டு கையெழுத்துப் போட்டுருங்க மேடம், ரெண்டு மணிக்கு விசாரணை, அதுக்கு முன்னாடி கெடச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. செக் பண்ணிட்டு. கையெழுத்தை முடிவு செய்துவிட்டு செக் பண்ணச் சொல்கிறான். உப்பளம் முடிகிற இடத்தில் இருக்கிற இந்தக் கம்பெனிக்கு, தூத்துக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்கு, ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, பேனாவை மட்டும் மறக்காமல் கொடுத்திருக்கிறான். பத்து நாளைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழே உரிக்கும் கூடத்தில், சூப்பர்வைசர் பாக்கியமணி நாற்பத்திரண்டு பெண்களை இறாலைப் போட்டது போட்டபடி எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கேஸ் கசியுது, இருந்தா செத்துருவோம் என்றாளாம். வெளியே போன பிறகும் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். ஒன்றரை டன் இறால் மேசையிலேயே கிடந்து கெட்டுப்போனது. கம்பெனி சொன்னது: கேஸும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்தப் பெண்கள் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள், ரத்தம் கிடையாது, அதுதான் மயக்கம், பாக்கியமணி பொய்ப் பயம் காட்டி வேலையை நிறுத்தினாள். சஸ்பெண்ட். இன்று உள்விசாரணை. சாட்சி யார் என்றால் செலின் எழுதிய பைத்தான் ப்ரோகிராம். சாட்சி சொன்னது என்ன என்றால் ஒன்றுமில்லை. வாய் திறக்காத சாட்சியை வைத்து ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அந்தச் சாட்சியின் வாயில் துணி அடைத்திருந்தது என்று இந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

இருபது நிமிஷத்தில் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். மீதி நாற்பது நிமிஷமாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கால் மரத்துவிட்டது, இந்தக் கண்ட்ரோல் ரூமில் மனுஷருக்கு வேண்டாத குளிர், மெசினுக்கு வேண்டுமாம், மெசினுக்குச் சூடு ஆகாது. நான்கு சென்சார், குளிர் அறைக் குழாய்களிலிருந்து அம்மோனியா கசிந்தால் தெரிவதற்கு, பத்து நொடிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் காற்றில் எவ்வளவு அம்மோனியா என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை நேரத்தோடு கோப்பில் எழுதி வைக்க வேண்டும், அதற்குத்தான் லாகிங். சாதாரண எண் என்றால் இன்ஃபோ என்று ஒரு வரி, முப்பத்தைந்தைத் தாண்டினால் வார்னிங் என்று ஒரு வரி. ப்ரோகிராமின் தலையிலேயே பேசிக்கான்ஃபிக் என்று ஒற்றை வரியில் அவள் அதை அமைத்திருந்தாள், எந்தக் கோப்பில் எழுது, எந்த லெவலிலிருந்து எழுது, வரி எப்படி இருக்க வேண்டும். ஒரு வருஷம் ஒழுங்காக எழுதியது. மே மாதம் விமலன் வந்தான். அவளுடைய ஆபீசில் கூட வேலை பார்க்கிறவன், கெட்டிக்காரன் என்று பெயர், வெளிநாட்டுக்காரர்களுக்கு தினமும் குளிர் அறையின் வெப்பநிலையை மெயிலில் அனுப்ப ஒரு பகுதி எழுதினான். அந்தப் பகுதியின் தலையில் அவனும் ஒரு பேசிக்கான்ஃபிக் போட்டு வைத்திருக்கிறான், வார்னிங்குக்குக் கீழே உள்ளது எதுவும் வேண்டாம், கோப்பும் வேண்டாம், திரையில் காட்டினால் போதும் என்று. தன் மேசையில் சோதித்துப் பார்ப்பதற்காகப் போட்டிருப்பான், எடுக்க மறந்திருப்பான். அவன் பகுதி முதலில் ஏறுகிறது. அவன் வரிதான் முதலில் ஓடுகிறது. அதற்கப்புறம் வருகிற அவளுடைய வரியை பைத்தான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே ஒருத்தன் அமைத்துவிட்டான், நீ போ. அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதையும் சொல்லாது. பிழை காட்டாது, நிற்காது, முனகாது. இரண்டாவதாக வந்தவள் சொல்வதைக் காதில் வாங்காமலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகும். கோப்பின் கடைசி வரி மே பத்தொன்பது, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு ஐந்து மாசம் வெறும் வெள்ளை. பத்தொன்பதாம் தேதி பதினொன்று நாற்பத்திரண்டுக்கு விமலன் ப்ரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டிவிட்டு அவளுக்கு போன் பண்ணினான், அக்கா ஒரு தடவை பாத்துருங்க, ஏத்திட்டேன். அவள் அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வெயில். போனிலேயே திறந்து விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, சரியா இருக்கு என்றாள். சரியா இருக்கு. விமலனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்தபோதே அந்த இரண்டு சொல்லும் வந்து நடுவில் நின்றுகொண்டன. சரி, அவனை அடிக்கிற கையால் தன்னையும் ஒன்று அடித்துக்கொள்ளலாம், அது பிறகு, முதலில் இவன்கள், முதலில் இந்தத் தாள்.

போன் அதிர்ந்தது. அவளுடைய முதலாளி கதிரேசன்.

"என்னம்மா, குடுத்தாச்சா?"

"சார், அதுல ஒரு விஷயம் இருக்கு. மே மாசத்துல இருந்து லாகே எழுதல. வார்னிங் வரலேன்னு அர்த்தம் இல்ல சார், எழுதவே இல்ல."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார் போல.

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாத. இப்ப சரி பண்ணிரு. கடிதத்துல என்ன போட்டிருக்கு? கோப்புல வார்னிங் காணலன்னுதான? அது உண்மைதான? உண்மைய எழுதிக் குடுக்க என்ன தயக்கம்? மதுரையில ரெண்டு பிளான்ட் நமக்கு வரப் போகுது செலின். நான் உன்னை நம்பித்தான் இதையெல்லாம் இழுத்துப் போட்டிருக்கேன்."

"சார், ஒரு பொம்பள வேலை போகுது."

"அது அவங்க கம்பெனி விஷயம். நம்ம விஷயம் சாஃப்ட்வேர்."

வைத்துவிட்டார். நம்ம விஷயம் சாஃப்ட்வேர். போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்தாள், மெதுவாகத்தான் வைத்தாள், அவளுக்குப் பொருளைப் போட்டு உடைக்கிற பழக்கம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று பல தடவை நினைத்ததுண்டு. கோபம் வந்தால் அவளுக்குக் காதுமடல் சுடும், குரல் தாழும், எதிரில் இருக்கிறவர்கள் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பிரிட்டோவும் அப்படித்தான் நினைப்பான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், இன்றுவரை அவனுக்கு அவள் கோபம் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க அவளுக்கு உடம்பு எழும்பவே இல்லை, காலையில் பல் விளக்குவதற்குள் மூச்சு வாங்கியது, தலைமுடி கைப்பிடியாக வந்தது, மதியத்தில் ஆபீஸ் கழிப்பறையில் போய்க் கண்ணை மூடி நின்றாள். டெஸ்ட் எடுத்தார்கள். பிரிட்டோ தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே, நார்மல்னு போட்டிருக்கே, நீயா நெனச்சுக்கிடுத, வேலை டென்சன் என்றான். அன்பாகத்தான் சொன்னான், தட்டில் மீனை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான். அவளும் தாளைப் பார்த்தாள், ஆமாம், நார்மல். தாள் நார்மல் என்றால் இந்தக் கால் ஏன் இப்படிக் கனக்கிறது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தாளில் எழுத்து இருக்கிறது, காலில் எழுத்து இல்லை. எட்டு மாசம் கழித்து வேறொரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் தைராய்டு என்றார், முன்னால் எடுத்த டெஸ்டில் அதைப் பார்க்கவே இல்லையம்மா, வேற என்னென்னமோதான் பார்த்திருக்காங்க. பார்க்கவே இல்லை. பார்க்காததற்குப் பெயர் நார்மல். எழுதாததற்குப் பெயர் காணப்படவில்லை. சபேசன் போன வருஷம் சொன்னான், இந்த ரூமில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தபோது, "லாக்தான் இருக்கே மேடம், அப்புறம் ஆள் எதுக்கு" என்று. கூடத்தில் ஒரு சைரன் இருந்தது. ஆகஸ்டில் அதன் ஒயரைக் கழற்றிப் போட்டார்கள், தரை கழுவும்போதெல்லாம் கத்துகிறதாம். ஆள் இல்லை, சைரன் இல்லை, லாக் இருக்கே. லாக் இருந்தது. இல்லாமல் இருந்தது. பாக்கியமணியின் மூக்கு மட்டும்தான் மிச்சம், அதையும் சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள். பெண்கள் விழுந்த அன்று சாயங்காலமே மெக்கானிக் வந்து கூடத்துச் சுவருக்குப் பின்னால் ஏதோ வால்வில் வாஷர் மாற்றினான் என்று கேன்டீனில் பேச்சு. அதற்குத் தாள் கிடையாது. அப்படியானால் அதுவும் நடக்கவில்லை. படிக்கட்டு. இல்லை, படிக்கட்டைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். காலையிலிருந்து நாலைந்து தடவை அந்தப் படிக்கட்டு நினைப்பில் வந்து எட்டிப் பார்க்கிறது, ஈரமான சிமெண்டுப் படி, நீல ரப்பர் கம்பூட்ஸ், அவள் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முதலில் இதைச் சரிசெய்வோம். கைக்கு ஏதாவது வேலை கொடுப்போம்.

விமலனுடைய வரியை அழித்தாள். நாற்பது எழுத்து இருக்குமா, அவ்வளவுதான், ஒரு விரல் அழுத்தினால் போகிறது. அப்புறம் தன் ஒற்றை வரியையும் அழித்தாள், சோம்பேறித்தனமான வரி, முதலில் யார் வருகிறார்களோ அவர்களுக்கு விழுந்து கும்பிடுகிற வரி. ஒவ்வொன்றாகக் கையால் கட்டினாள். லாகருக்கு ஒரு பெயர் வைத்தாள், பெயரில்லாமல் பொதுவில் கிடந்ததால்தானே கண்டவன் வந்து மாற்றினான். கோப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஹேண்ட்லர், கோப்பு பெருத்தால் பழையதை எடுத்து வைத்துவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும், முப்பது கோப்புவரை வைத்துக்கொள். திரைக்கு இன்னொரு ஹேண்ட்லர். வரியின் தலையில் தேதி, நேரம், லெவல், எந்தச் சென்சார், அப்புறம் எண். டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல், கீழிருந்து மேலே ஐந்து படி. படி என்ற சொல் வந்ததும் மறுபடி அந்தக் கம்பூட்ஸ். போ. கோப்பில் பத்து நிமிஷம் ஒரு வரியும் விழாமல் போனால் அதையே ஓர் எரராகத் திரையில் சிவப்பாகக் காட்ட ஒரு துண்டு எழுதினாள். இதை ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்கலாம். எழுத எட்டு நிமிஷம் ஆயிற்று. எட்டு நிமிஷம். ஒரு டீ குடிக்கிற நேரம். மூன்று பெண்கள் கம்பெனி வாசல் மண்ணில் விழுந்து கிடந்ததற்கும் விழாமல் இருந்திருப்பதற்கும் நடுவில் எட்டு நிமிஷம். மூன்றாவது சென்சாருக்கு முப்பத்தெட்டு என்று ஒரு பொய் எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். கோப்பில் உடனே வந்தது, தேதி, நேரம், வார்னிங், எல்லாம் ஒழுங்காக, பள்ளிக்கூடப் பிள்ளை கையைக் கட்டி நிற்கிற மாதிரி. இப்போது மட்டும் பேசு. அந்த வரியை ஒரு சோதனை என்று குறித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் அந்தக் கேள்வி வந்தது, ஏன் இத்தனை நேரம் வரவில்லை என்றே அவளுக்குப் புரியவில்லை, கோபம் இருக்கிற இடத்தில் மூளை உட்கார இடம் கிடைக்காது போலும். விமலனுடைய வரி கோப்பில் எழுதாதே என்றுதான் சொன்னது. பேசாதே என்று சொல்லவில்லை. வார்னிங்கைத் திரைக்கு அனுப்பு என்றது. ஐந்து மாசமாக ப்ரோகிராம் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தத் திரைக்கு? பின்னணியில் தனியாக ஓடுகிற ப்ரோகிராமுக்குத் திரை ஏது? திரை இல்லாதவன் பேசினால் அந்தப் பேச்சு எங்கே போகும்? மெசினை ஓட்டுகிற லினக்ஸ் அதைப் பிடித்து வைக்கும். தன் காரியத்துக்காக, எது ஏறியது எது விழுந்தது என்று அந்த மெசின் தனக்கென்று வைத்திருக்கிற பொதுக் குறிப்பில், யாரும் கேட்காவிட்டாலும், நேரம் போட்டு எழுதி வைக்கும். கட்டளையை ஒரு தடவை தப்பாக அடித்தாள், அழித்து மறுபடி அடித்தாள், தேதி நான்கிலிருந்து பதினான்குவரை என்று கொடுத்தாள்.

வந்துகொண்டே இருந்தது. திரை நிரம்பி மேலே போயிற்று, நிரம்பி மேலே போயிற்று. வார்னிங், ரூட், சென்சார் மூன்று, முப்பத்தாறு. அவள் வைத்த வரி அமைப்பு இல்லை, பைத்தான் தானாகப் போடுகிற மொட்டை அமைப்பு, பெயரில்லாத ரூட், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெசின் போட்ட நேரம் இருந்தது. நான்காம் தேதி காலை எட்டு பத்து, முப்பத்தாறு. ஐந்தாம் தேதி, முப்பத்தொன்பது. ஏழாம் தேதி, நாற்பத்திரண்டு. பதினொன்று, ஐம்பத்தைந்து. பதினான்காம் தேதி காலை ஒன்பது நாற்பது, எழுபத்தெட்டு. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். ஐந்து மாசத்து வெள்ளைக் கோப்புக்குப் பின்னால் இது தொண்டை வறளக் கத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை, இன்னும் பெரிய கோபம் வந்தது, இந்த முறை அதற்குப் போக ஓர் ஆள் கிடைக்கவில்லை. சபேசன் இல்லை, கதிரேசன் இல்லை, விமலன்கூட இல்லை. ஏழாம் தேதி, நாற்பத்திரண்டு. காலை பதினொன்று ஐந்து, நாற்பத்திரண்டு. பதினொன்று பத்து, நாற்பத்து மூன்று. ஏழாம் தேதி பதினொரு மணிக்கு அவள் இங்கேதான் இருந்தாள்.

அன்று, வெப்பநிலை மெயிலை பிரின்ட் எடுக்க முடியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலையை முடித்துப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள், பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கீழ்ப்படியில் பாக்கியமணி நின்றுகொண்டிருந்தாள், நீலக் கம்பூட்ஸ், வெள்ளைத் தொப்பி, உரித்துக் கழுவிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நாற்றம் இவள்மேல் படக்கூடாது என்பது போல. மேடம், ஒங்க மெசின்ல கொஞ்சம் பாருங்களேன், நாலு நாளா கூடத்துல ஒரு நாத்தம் வருது, கண்ணு எரியுது, பிள்ளைங்க சொல்லுதாங்க, மேனேஜர்ட்ட சொன்னா பினாயில் நாத்தம்ங்காரு. அவள் திரும்பி மேலே ஏறினாள். அதைச் சொல்லிக்கொள்ளலாம், ஏறினாள், போய்ப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உட்காரவில்லை. நின்றபடியே, கைப்பை தோளில் தொங்க, இன்றைய தேதியும் வார்னிங்கும் உள்ள வரிகள் எத்தனை என்று கோப்பில் தேடச் சொன்னாள். பூஜ்யம் என்று வந்தது. கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் கடைசி வரி மே மாசம் என்று கண்ணில் அறைந்திருக்கும். பூஜ்யம் என்று வந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது, பஸ் கிடைத்துவிடும். இறங்கி வந்து, "ஒண்ணும் இல்லக்கா, மெசின்ல சுத்தமா இருக்கு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். பாக்கியமணி அவள் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, அப்பம் சரி மேடம் என்று கூடத்துக்குள் போனாள். போய் அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பாள். மேடமே பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லையாம் என்று சொல்லியிருப்பாள். அதற்கப்புறம் ஏழு நாள் அவர்கள் அங்கேயே உட்கார்ந்து உரித்தார்கள். ஏழு நாள் அவளை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அன்று செலினுக்கும் மூக்கில் ஏதோ அடித்தது. படியில் நிற்கும்போது கண் ஓரம் கரித்தது. இறால் கம்பெனி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். தன் கண் கரிப்பதைவிட்டு ஒரு பூஜ்யத்தை நம்பினாள்.

கதவு திறந்தது. சபேசன், கையில் டீ. இப்போது டீ.

"முடிஞ்சுதா மேடம்? விசாரிக்கிற வக்கீல் வந்துட்டாரு, சாப்பிட்டுட்டு ஆரம்பிச்சுருவாரு."

"ஒரு பிரின்ட் எடுத்துக்கிடுதேன் சார்" என்றாள்.

"எடுங்க எடுங்க." அவன் திரையைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தான், கோடு இன்னும் காலியாக இருந்தது. "இன்னும் போடலையா?"

"நாள் ஒண்ணுக்கு ஒரு பக்கம்னு எடுக்கேன். பதினோரு பக்கம் வரும்." குரல் தாழ்ந்திருந்தது. பிரின்டர் முதல் தாளை வெளியே தள்ளியது. சபேசன் சும்மா அதை எடுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அடுத்ததையும் எடுத்தான்.

"இது எங்க இருந்து வந்துச்சு? எங்க ஐடி பையன் தேடினப்ப ஒண்ணும் வரலையே."

"அவரு தேடின கோப்புல இல்ல. அது மே மாசத்துல இருந்து எழுதல. என் தப்பு. இது மெசின் தனியா எழுதி வச்சது."

"அப்ப எது சரின்னு எப்படிச் சொல்றது? உங்க சாஃப்ட்வேரே சரியா வேலை செய்யலேன்னு நீங்களே சொல்றீங்க." அவன் முகத்தில் ஒரு வழி கிடைத்த தெளிவு வந்தது. "வேலை செய்யாத மெசின் குடுத்த நம்பர் மேடம் இது. இதைக் காட்டினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்குக் கஷ்டந்தான். சென்சார் ஒழுங்காத்தான் வாசிச்சிருக்கு சார், நான்தான் எழுதி வைக்கல. நீங்க தாளைக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவள் கையை நீட்டி அவன் கையிலிருந்து வாங்கினாள், பிடுங்கவில்லை, ஆனால் அவன் விடும்வரை அவளும் விடவில்லை. பதினோரு பக்கமும் வந்த பிறகு, இன்னொரு தடவை பதினோரு பக்கம் எடுத்தாள். மெசினின் அந்தக் குறிப்பைத் தன் பென் டிரைவில் ஏற்றினாள், ஆபீஸ் மெயிலுக்கும் தன் சொந்த மெயிலுக்கும் அனுப்பினாள், அவன் பார்த்துக்கொண்டே நின்றான், போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். கதிரேசனாக இருக்கும். மதுரை இரண்டு பிளான்டும் அந்த போனுக்குள்ளேயே போகிறது, போகட்டும், அவளுடைய வேலையும் சேர்ந்து போகலாம், வீட்டு வாடகைக்குப் பிரிட்டோவின் சம்பளம் மட்டும் காணாது, பிரிட்டோ என்ன சொல்வான், நீ ஏன் போய்த் தலையக் குடுக்க என்பான், அன்பாகத்தான் சொல்வான். கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்தாள். அதுவும் ஒரு தாள்தானே. டீ ஆடை கட்டிக் கிடந்தது.

படிக்கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாப்பாட்டு நேரம். கேன்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குச் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, வாட்ச்மேன் போட்டுக்கொடுத்த நாற்காலியில் பாக்கியமணி தனியாக இருந்தாள், கருநீலச் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. சஸ்பெண்ட் ஆனவளோடு பேசக்கூடாது என்று மற்றவர்களுக்கு உத்தரவு. கம்பூட்ஸ் இல்லாமல் அவள் பாதங்கள் சின்னதாக, ஊறி வெளுத்துத் தெரிந்தன. செலின் போய் அவள் முன்னால் நின்றாள். தாள்களை நீட்டினாள்.

பாக்கியமணி வாங்கிப் புரட்டினாள். எல்லாம் ஆங்கிலமும் எண்ணும்.

"இதுல என்ன போட்டிருக்கு மேடம்?"

"கேஸ் இருந்திருக்குன்னு போட்டிருக்குக்கா. நாலாந் தேதியில இருந்தே. பதினோரு நாளா."

பாக்கியமணி நிமிர்ந்து பார்த்தாள். நன்றியை எதிர்பார்த்துத்தான் வந்தோமோ என்று செலினுக்கு அந்த நொடியில் தன்மேல் அருவருப்பு வந்தது, ஏனென்றால் எதிரே இருந்த முகத்தில் அது இல்லை.

"அது எங்களுக்குத் தெரியும்லா" என்றாள் பாக்கியமணி.

மரத்தடியில் இருந்த சண்முகக்கனி என்கிற பெண், அன்று விழுந்த மூவரில் ஒருத்தி, தூக்குச் சட்டியை மூடிவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தார்கள். பாக்கியமணி தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வாசிங்க. ஒவ்வொரு நாளா வாசிங்க."

செலின் வாசித்தாள். நான்காம் தேதி காலை எட்டு பத்து, முப்பத்தாறு. "சனிக்கெழம" என்றாள் ஒருத்தி, "எனக்கு அன்னைக்குத்தான் தொண்டை கட்டுச்சு." ஐந்தாம் தேதி, முப்பத்தொன்பது. "ஞாயித்துக்கெழம ஓவர்டைம் பாத்தோம், நான் பாதியில வாந்தி எடுத்தேன்." ஆறு, நாற்பது. "இசக்கியம்மா கண்ணு வீங்கிப்போய் வந்தால்லா." அவர்கள் யாரும் யோசித்துச் சொல்லவில்லை. தேதியைச் சொன்னதும் உடம்பிலிருந்து எடுத்துப் போட்டார்கள். செலின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஏழு, நாற்பத்திரண்டு. வாசித்துவிட்டு நின்றாள்.

"அன்னைக்கு நான் இங்க வந்திருந்தேன்" என்றாள். "அக்கா என்ட்ட கேட்டாங்க. நான் சரியாப் பாக்காம ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."

காய்ந்த வேப்பங்குச்சி ஒன்று தகர ஷெட்டின் மேல் விழுந்து உருண்டது. சண்முகக்கனி அவளைப் பார்த்த பார்வையை செலின் தாங்கிக்கொண்டு நின்றாள், குனிய வேண்டும் போலிருந்தது, குனியவில்லை.

"ஆமா, சொன்னீங்க" என்றாள் பாக்கியமணி. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "மேல வாசிங்க."

வாசித்தாள். எட்டு, ஒன்பது, பத்து. பதினான்குக்கு வந்தபோது எண்ணை மட்டும் சொன்னாள், எழுபத்தெட்டு, யாரும் அதற்கு ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது, அந்த நாளை எல்லோரும் பார்த்தார்கள். ஆபீஸ் வாசலில் சபேசன் வந்து நின்று, விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், பாக்கியமணி மட்டும் வரட்டும் என்றான். பாக்கியமணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"மேடம் எங்கூட வருவாங்க" என்றாள்.

"அவங்க சாட்சி லிஸ்ட்ல இல்ல."

"அப்பம் எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் விலகுகிறானா என்று பார்க்காமலே பாக்கியமணி உள்ளே நடந்தாள். செலின் தாள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.